செலீன் அக்காவின் இங்கிலாந்துப் பாட்டுக்காரர்

செலீன் அக்கா போடும் பாட்டுக்காக நான் போட்ட சண்டைகளுக்கு, வேறு யாரும் என்றால் என்னை அறையை விட்டே துரத்தியிருப்பார்கள். 1984இலிருந்து இந்தக் குளிர் தேசத்தில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரே அறையில் இருந்தோம். இருவருக்கும் அகதி வழக்கு முடியவில்லை. நான் யாழ்ப்பாணம். அவர் மட்டக்களப்பு, ஊர் வேதக் கோயிலில் பெரிய வெள்ளிக்கு ஒப்பாரி எடுத்துக்கொடுத்தவர். இங்கே புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் இசைத்தட்டுப் பெட்டி கட்டினார்.

உறையின் மூலை மடங்கிய தட்டுகளை வேலையாட்கள் கொண்டுபோகலாம். அப்படி எங்கள் அறைக்குள் வந்தவர்கள்தான் அந்த நாலு இங்கிலாந்துப் பெடியன்கள். பெயர் என் வாயில் நுழையாது. முதல் தட்டு கடைகளுக்கு ஒரேயொரு பெட்டி போனது. இரண்டாவது, நாற்பது பெட்டி.

"நம்மட பொடியனுகள் முன்னுக்கு வந்திட்டானுகள் புள்ள!"

எனக்கோ எரிச்சல். மேளம் ஆறுதலாக, அவசரமில்லாமல் அடிக்கும், கிற்றார் தனியே மணி மாதிரி ஒலிக்கும். பாட்டுக்காரன் பக்கத்திலிருந்து கதைப்பதுபோலப் பாடுவான். துக்கம் முட்டுகிற இடத்தில் வாயை மூடிவிடுவான். கிற்றார் மட்டும் போய்க்கொண்டிருக்கும்.

"ஐயோ அக்கா, இந்தச் செத்தவீட்டுச் சத்தத்தை நிப்பாட்டுங்கோ!"

"பாடத் தெரிஞ்சவன் புள்ள. அவன் அழமாட்டான். கேக்கிறவங்களுக்கு இடம் விடுவான்."

அந்த மனிசியின் காதும் பொறுமையும் ஏழு பிறப்புக்கும் எனக்கு வராது.

எண்பத்தேழில் மூன்றாவது தட்டு வந்தது. வாங்க ஆளில்லை, பெட்டிகள் திரும்பி வந்தன. பெடியன்கள் பிரிந்துவிட்டார்களாம். அக்கா ஒரு தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

அந்தக் கிழமைதான் தந்தி. அப்பா செத்துப் பதினொரு நாள். வழக்கு முடியாமல் நான் போக வழியில்லை. சனம் வந்து சுவரோரம் சும்மா இருந்தது. உடலில்லாத செத்தவீட்டில் ஆர் முதலில் அழுவது? எனக்குக் கண்ணீரே வரவில்லை. பெற்ற தகப்பனுக்கு ஒரு சொட்டு விடாத நானும் ஒரு மகளா என்று என்மேலேயே ஆத்திரம்.

"நீங்கள் ஒப்பாரி எடுங்கோ அக்கா."

"நான் எடுத்தா கீழ்வீட்டு மனிசி பொலிசக் கூப்பிட்டிருவா."

எழுந்துபோய் அந்தப் புதுத் தட்டை வைத்தார். சொல் ஒன்றும் எனக்கு விளங்கவில்லை. அவன் வாயை மூடிய இடத்தில் என் வாய் திறந்தது. "அப்பா!" என்று கத்தினேன். பொலிஸ் வந்தால் வரட்டும். இருந்த சனமெல்லாம் என்னோடு சேர்ந்து அழுதது.

பாட்டு முடிந்து ஊசி கரகரத்தது. என் குணம் தெரிந்த அக்கா, அவசரமாக நிறுத்தப் போனார்.

"வேண்டாம் அக்கா," என்றேன். "மற்றப் பக்கத்தையும் போடுங்கோ."