மாமாவின் இதயம் வீங்கிய வருஷம்

நாங்கள் புனே பக்கம் சிஞ்ச்வட்டில், சொசைட்டி என்று அங்கே சொல்லும் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் மூன்றாவது மாடியில் குடியிருந்தபோது, அம்மாவின் தம்பி கோயமுத்தூரிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து எங்களோடு தங்கினார். வந்த வேகத்தில் ஒரு டோல் குழுவில் சேர்ந்துவிட்டார். பிள்ளையாரைக் கரைக்கக் கொண்டுபோகும் ஊர்வலத்தில், பீப்பாய் போன்ற அந்த மேளத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தபடியே அடிக்க வேண்டும். அதற்காக மழைக்காலம் முழுக்க, மாலை வேளைகளில் ஆற்றங்கரையில் பயிற்சி. தண்ணீர்க் கேனைத் தூக்கி வைக்கச் சொன்னால் முதுகு பிடித்துக்கொள்ளும் மாமா, அந்த மேளத்தை மட்டும் மணிக்கணக்கில் சுமப்பது அம்மாவுக்கு விளங்கவே இல்லை. அப்பா அதை இரைச்சல் என்றார். எனக்கோ, வகுப்பில் பீற்றிக்கொள்ளக் கிடைத்த ஒரே சொந்தக்காரர் அவர்தான்.

அந்த வருஷம் பிள்ளையார் சதுர்த்தி நெருங்கும் நேரத்தில் மாமாவுக்குச் சளிக் காய்ச்சல் வந்தது. காய்ச்சலோடேயே பயிற்சிக்குப் போனார். காய்ச்சல் விட்ட பிறகும் படியேறினால் மூச்சு வாங்கியது. பாதியில் நின்று, செல்போனில் ஏதோ முக்கியமானதைப் பார்ப்பதுபோல் பாவனை செய்வார். நெஞ்சு வலிப்பதற்குக் காரணம் டோல் அடித்துத் தசை பிடித்துக்கொண்டது என்று அவரே தீர்ப்புச் சொன்னார். அப்பா, வாயு என்றார். அம்மா மோரில் பெருங்காயம் கலந்து கொடுத்தாள். ஒருநாள் காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தபடி குளியலறை வாசலில் உட்கார்ந்துவிட்டார். பிரஷ் மட்டும் வாயிலேயே இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் ஏற்றியபோதுதான் அப்பா அதைக் கவனித்து எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் எடுத்த இசிஜி சரியில்லை. ரத்தப் பரிசோதனையோ இதயத் தசை அடிபட்டிருக்கிறது என்றது. இந்த வயதில் மாரடைப்பா என்று பதறி, கை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். ரத்தக் குழாய்களில் அடைப்பே இல்லை. பிறகு எம்ஆர்ஐ எடுத்த பின்தான் விஷயம் பிடிபட்டது. டாக்டரம்மா இந்தியில் விளக்கியதை அம்மா போனில் கோயமுத்தூருக்குத் தமிழில் சொன்னாள். சளியைக் கொண்டுவந்த கிருமி இதயத் தசை வரைக்கும் போய் அதை வீங்க வைத்திருக்கிறது; பலருக்கும் ஓய்வெடுத்தால் ஆறிவிடும்; ஆனால் ஆறுவதற்குள் ஓடினாலோ பாரம் சுமந்தாலோ துடிப்பு தாறுமாறாகி, இதயம் அப்படியே நின்றுபோகவும் கூடும். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அம்மா என்னை வெளியே போய் விளையாடச் சொன்னாள். நான் கதவுக்குப் பின்னால் போய் விளையாடினேன்.

செய்தி சொந்தத்துக்குள் பரவப் பரவ உருமாறியது. இதயம் பெரிதாகிவிட்டதாம் என்று கேள்விப்பட்ட ஒரு சித்தப்பா, அவன் சின்ன வயசிலிருந்தே தாராள மனசுக்காரன்தான் என்றாராம். பெரியம்மா, அந்த ஊர் வடாபாவைத் தின்றதுதான் காரணம் என்றாள். இன்னொருவர், காலாகாலத்தில் கல்யாணம் செய்து வைக்காததுதான் என்றார். அம்மா ஒன்றையும் விடாமல் டாக்டரம்மாவிடம் கேட்டாள். அவர் வடாபாவைக் குற்றமற்றது என்று விடுவித்தார்; கல்யாணத்தையும் விடுவித்தார். மிஞ்சியது சளி ஒன்றுதான். வீட்டில் முதலில் தும்மியது யார் என்ற விசாரணை எழுந்தபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

ஆறு மாத ஓய்வு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். மாமா சும்மா இருக்கத் தெரியாதவர். சாப்பாட்டுத் தட்டில் தாளம் போட்டார். அம்மா கரண்டிகளை ஒளித்து வைத்தாள். தலையணையில் போட்டார். முடிவெட்டிக்கொள்ள என்று கிளம்பியவரை, ஆற்றங்கரைப் பக்கம் திரும்பியபோதே வாட்ச்மேன் பிடித்துக் கொண்டுவந்து ஒப்படைத்தார். அன்று அம்மா அவரெதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏன் தம்பி, உனக்கு அந்த டோலு முக்கியமா, உசுரு முக்கியமா? ரெண்டுல ஒண்ணு சொல்லிப்போடு."

மாமா யோசித்தார். அவர் யோசித்ததைத்தான் அம்மாவால் தாங்க முடியவில்லை. எழுந்து சமையலறைக்குப் போய், நறுக்க வேண்டிய வெங்காயம் ஒன்றுமில்லாமலே அழுதாள்.

குழுவின் தலைவர் மாமாவைப் பார்க்க வந்தார். எல்லாரும் அவரைத் தாதா என்பார்கள். மராத்தியில் அதற்கு அண்ணன் என்று பொருள். தமிழில் தாதா என்றால் ரவுடி என்றே தெரிந்த நான் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன். வந்தவரோ பேங்க்கில் வேலை பார்க்கும் சாதுவான மனிதர், பெட்டி நிறைய மோதகம் கொண்டுவந்திருந்தார். அம்மா காபி கொடுத்துவிட்டு, தனக்குத் தெரிந்த இந்தியில், உங்கள் டோல் சத்தம் கீழே கேட்டால் இவன் மேலே உட்கார்ந்திருக்க மாட்டான் என்றாள். அவர் காபியைக் குடித்து முடித்தார். நான் மோதகத்தில் மும்முரமாக இருந்தேன்.

பிள்ளையாரைக் கரைக்கும் நாளன்று ஊர்வலம் எங்கள் தெரு வழியாக வந்தது. எங்கள் கட்டடத்தின் முன்னால் நின்று மாமாவுக்காகவே வெளுத்து வாங்கப்போகிறார்கள் என்று பள்ளித் தோழிகளுக்கெல்லாம் சொல்லியிருந்தேன். அம்மா வாசற்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். மாமா பால்கனியில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். சத்தம் நெருங்க நெருங்க ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மாமா எழுந்தேவிட்டார்.

எங்கள் கட்டடத்துக்கு முன் வந்ததும் தாதா இரண்டு கைகளையும் உயர்த்தினார். அத்தனை மேளங்களும் ஒரே நொடியில் நின்றன. செருப்புச் சத்தம் மட்டும் கேட்க, தலைப்பாகைகள் வரிசையாக எங்களைக் கடந்து போயின. அடுத்த கட்டடம் தாண்டிய பிறகுதான் மறுபடி அடி விழுந்தது.

"மாமா, அவங்க உங்கள மறந்துட்டாங்க," என்றேன். மாமா முகம் கழுவப் போனார், வெகுநேரம் கழுவினார். எனக்கு வந்த கோபம் லேசில் போகவில்லை. மறு வருஷம் ஸ்கேனில் எல்லாம் சரியாகி, டாக்டரம்மாவே அனுமதித்து மாமா டோல் கட்டிக்கொண்டபோதுகூட நான் தாதாவுக்கு வணக்கம் சொல்லவில்லை.

மேளங்கள் நின்ற அந்த நேரத்தில் அம்மா பால்கனிக் கம்பியருகே தெருவைப் பார்த்துக் கைகூப்பி நின்றிருந்தாள். பிள்ளையாரைக் கும்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளையார் வண்டி அப்போது தெருமுனையில்கூடத் திரும்பியிருக்கவில்லை.