ஒரு கட்டைக்கு ஒரு தந்தி: சிம்பாங் ரெங்கம், மூவார், லாபிஸ்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரே ஒரு தந்தி வாங்குவதற்காக, மலேசியாவின் ஜொகூரில் இருக்கும் எங்கள் ஊரான சிம்பாங் ரெங்கத்திலிருந்து மூவாருக்குக் கார் ஓட்டிப் போனேன். அங்கிருந்து வீட்டுக்குத் திரும்பாமல் நேராக லாபிஸ், அன்று மாலை அங்கே கோயிலில் வாசிக்க வேண்டும். மொத்தம் இருநூறு கிலோமீட்டர் வரும். "ஒரு தந்திக்கா?" என்று என் தங்கை சிரித்தாள். ஆமாம், ஒரு தந்திக்குத்தான். பேஸ் கிட்டாரில் அடித்தந்தியை எந்தத் தடிமனில் போடுவது என்று மண்டையைக் குடைந்துகொண்டிருப்பவர்கள் தொடர்ந்து படிக்கலாம். மற்றவர்கள் மூவார் சாப்பாட்டுப் பத்திக்குத் தாவிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

வார நாட்களில் எனக்குத் தொழிற்சாலை வேலை. வாரக் கடைசியில் எங்கள் வட்டாரக் கோயில்களில் பாடும் பக்திப் பாடல் குழுவில் பேஸ் வாசிக்கிறேன். பாடுபவர் தனபாலன் அங்கிள். கீபோர்ட் வாசிப்பவர் சேகர் அண்ணன், குழுத் தலைவரும் அவர்தான். அங்கிள் எல்லாப் பாட்டையும் ஒரே சுருதியில் பாடுவார். "எனக்கு ரெண்டு கட்டை" என்று பெருமையாகச் சொல்வார். மேற்கத்தியக் கணக்கில் அது டி. ஆனால் மூன்று பாட்டு முடிந்ததும் தொண்டை கெஞ்ச ஆரம்பித்துவிடும். உள்ளங்கையை இடுப்புக்குக் கீழே இறக்கிக் காட்டுவார். சேகர் அண்ணன் கீபோர்டில் ஒரு பொத்தானை இரண்டு தடவை அழுத்துவார். சுருதி ஒரு கட்டைக்கு, அதாவது சி-க்கு இறங்கிவிடும். இது ஒவ்வொரு கோயிலிலும் நடக்கும். இருந்தாலும் அங்கிள் மனம் நோகும் என்று யாரும் வாயைத் திறப்பதில்லை. அடுத்த நிகழ்ச்சியையும் ரெண்டு கட்டை என்றே அறிவித்து, ரெண்டு கட்டையிலேயே தொடங்குவோம்.

கீபோர்டுக்குப் பொத்தான் இருக்கிறது. பேஸுக்கு ஏது பொத்தான்? என்னுடைய அடித்தந்தி ஈ வரைக்கும்தான் இறங்கும். அங்கிளின் ஷட்ஜம் அதற்கும் கீழே ஒலித்தால்தான் பாட்டு தரையில் கால் ஊன்றி நிற்கும். அதனால் ஒத்திகையில் அடித்தந்தியை மட்டும் சி வரை தளர்த்திப் பார்த்தேன். தொளதொளவென்று ஆடி, கழுத்தில் இருக்கும் ஃபிரெட் கம்பிகளில் எல்லாம் இடித்து இரைந்தது. சேகர் அண்ணன் எல்லோருக்கும் முன்னால் வாசிப்பை நிறுத்தினார்.

"மீனா, இது பேஸா, துணி காயப் போடுற கயிறா? லாபிஸ்லயும் இப்படித்தான்னா, அடுத்த ப்ரோக்ராம்லேருந்து பேஸை நானே இடது கையில வாசிச்சிக்கிறேன். உனக்கும் அலைச்சல் மிச்சம் லா."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருடைய இடது கைக்காக நான் என் இடத்தைக் காலி செய்வதா? அன்றைக்கே உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

கணக்கு கஷ்டமில்லை. தந்தியின் தடிமனை அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்கு என்று சொல்வார்கள். கடைகளில் கிடைக்கும் சாதாரண செட்டில் அடித்தந்தி நூற்றைந்து. அதை ஈ-யிலிருந்து சி-க்கு இறக்கினால் இழுவிசையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடும். போனதைத் திரும்பப் பெற ஒரே வழி, கனமான தந்தி. தடிமன் ஏறக்குறைய கால்வாசி கூட வேண்டும். நூற்று முப்பதில் வந்து நிற்கும். சுருதி இறங்கினாலும் இழுவிசை பழையபடி இருப்பதால் கழுத்து வளையுமோ என்று பயப்படவும் வேண்டாம். நடுவில் நூற்று இருபது என்று ஒன்று உண்டு. அது டி-க்குக் கச்சிதம். அங்கிள் சொல்லும் சுருதியை நம்பினால் அதை வாங்க வேண்டும். அவர் பாடும் சுருதியை நம்பினால் நூற்று முப்பது. நான் பாட்டை நம்பினேன்.

ஜொகூர் பாருவில் விசாரித்த இடங்களில் செட்டாகத்தான் தருவோம் என்றார்கள். மூவாரில் ஒரு கடையில் தனித் தந்தி இருப்பதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். காலை எட்டரைக்குக் கிளம்பி, நெடுஞ்சாலையில் பாகோ வரை போய் வெளியே இறங்கி, பத்து மணிக்கெல்லாம் மூவாரில் இருந்தேன். வழியெல்லாம் நாற்காலி, அலமாரி ஏற்றிய லாரிகள். ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டால் முந்துவதை மறந்துவிட்டுப் பாட்டுக் கேளுங்கள்.

கடையை நடத்துபவர் ஒரு சீன ஆன்ட்டி. நூற்று முப்பது என்றதும் என் கையைப் பார்த்தார்.

"தாங்ஙான் கெச்சில், தாலி பெசார்," என்றார். கை சின்னது, கயிறு பெரிது என்று மலாயில் கரிசனப்பட்டார். பெண்கள் நூறு வாங்குவார்கள், விரல் வலிக்காது என்று மெல்லியதாக ஒன்றை எடுத்து நீட்டினார்.

"ஆன்ட்டி, விரல் என்னோடது. வலிச்சா நான் பாத்துக்கிறேன்," என்று மலாயிலேயே சொன்னேன். மெல்லிய தந்தியைத் தளர்த்தினால் இன்னும் ஆடும் என்று விளக்கவும் எனக்குப் பொறுமை இருக்கவில்லை. நாற்பத்தெட்டு ரிங்கிட் கொடுத்து நான் கேட்டதையே வாங்கினேன்.

அடுத்ததுதான் நிஜமான முடிவு. கழுத்தின் மேல்முனையில் தந்திகள் உட்காரும் பள்ளங்கள் கொண்ட வெள்ளைத் துண்டுக்கு நட் என்று பெயர். நூற்றைந்துக்கு வெட்டிய பள்ளத்தில் நூற்று முப்பது உட்காராது. அரத்தால் அகலப்படுத்த வேண்டும். அகலப்படுத்திய பிறகு பழைய தந்தியைப் போட்டால் அது அங்கே ஆடும்.

"பெத்துல்கா?" என்று ஆன்ட்டி கேட்டார். நிச்சயமாகவா?

லாபிஸில் அங்கிள் கடைசிவரை ரெண்டு கட்டையிலேயே பாடிவிட்டால் நான் கோமாளி. அது தெரியும். கடைசி நேரத்தில் நூற்று இருபதுக்கு மாறிவிடலாமா என்று ஒரு சபலம் வந்தது. அப்புறம் ஒத்திகையில் எழுந்த அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது. அரத்தை ஆன்ட்டியிடம் இரவல் வாங்கி, கடை பெஞ்சில் உட்கார்ந்து நானே ராவினேன். ஆழத்தில் கை வைக்கவில்லை, அகலம் மட்டும். வேறு யாராவது ராவி அது கெட்டுப்போயிருந்தால் அவர்கள்மேல் பழி போட்டிருப்பேன். புதுத் தந்தியையும் அங்கேயே மாட்டிச் சுருதி சேர்த்தேன்.

மதியம் ஆற்றோரம் மீ பண்டுங் நூடுல்ஸ். இறால் சாறு கெட்டியாக, முட்டையோடு வரும். இலையில் மடித்துச் சுட்ட மீன் ஓதாக்-ஓதாக்கும் வாங்குங்கள், ஆனால் வாசிக்கப் போகும் நாளில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். புதுத் தந்திக்கு எண்ணெய் ஆகாது.

பிறகு பாகோ வழியாகத் திரும்பி, யோங் பெங்கில் நெடுஞ்சாலையை விட்டு, சாஆ தாண்டி லாபிஸ். இருபுறமும் செம்பனைத் தோட்டங்கள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. தந்தி இழுபட்டுத் தளர்ந்திருக்கும் என்பதால் ஓரிடத்தில் நிறுத்தி, காருக்குள்ளேயே மறுபடி சுருதி சேர்த்தேன். ஐந்து மணிக்குக் கோயிலில் இருந்தேன்.

சேகர் அண்ணன் புதுத் தந்தியைப் பார்த்துவிட்டார். "அலமாக்! என்ன இது, கரண்டு ஒயரா?"

"ஒரு கட்டைக்குப் போட்டிருக்கேன் அண்ணே."

"மெதுவா பேசு, அங்கிள் காதுல விழப்போகுது. அவரு ரெண்டு கட்டைன்னு சொல்லியிருக்காரு."

"சொல்றது ரெண்டு. பாடறது ஒண்ணு. நான் பாடறதுக்குப் போட்டிருக்கேன்."

முதல் பாட்டு ரெண்டு கட்டையில். அடித்தந்தியில் இரண்டாவது ஃபிரெட்டை அழுத்தினால் டி வந்துவிடும், பிரச்சினை இல்லை. சேகர் அண்ணன் வேண்டுமென்றே இடது கையால் கீழ்ச் சுரங்களை வாசித்து என் சுரங்களின் மேல் ஏறிக்கொண்டே இருந்தார். இரண்டு பேஸும் குழம்பிக் கூழாகிவிட்டது. முன்வரிசையில் ஒருவர் காதைத் தேய்த்துக்கொண்டார். மூன்றாவது பாட்டிலும் அங்கிளின் குரல் திடமாகவே இருந்தது. நான் அவர் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலாவது பாட்டின் பல்லவி மேலே ஏறும் இடத்தில் அவர் இருமினார். உள்ளங்கை இடுப்புக்குக் கீழே இறங்கியது. சேகர் அண்ணன் பொத்தானை அழுத்தினார். நான் விரலை எடுத்தேன், அவ்வளவுதான். அடித்தந்தி திறந்து ஒலித்தது. ஆட்டமில்லை, இரைச்சலில்லை. மேடைப் பலகை என் பாதத்தில் அதிர்ந்தது. அங்கிள் திரும்பிப் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சுரத்தின் மேல் ஏறி நின்று பாடினார். அவ்வளவு தெம்பாக அவர் பாடி நான் கேட்டதில்லை. இரண்டு வரி கழித்து சேகர் அண்ணனின் இடது கை கீபோர்டிலிருந்து எழும்பித் தொடையில் போய் உட்கார்ந்தது. கடைசிப் பாட்டு வரை அது அங்கேயே இருந்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று மறைக்கப்போவதில்லை.

நீங்களும் இந்த வேலையில் இறங்குவதாக இருந்தால் சில விஷயங்கள். அறிவிக்கும் சுருதியைப் பார்க்காதீர்கள், பாட்டு உண்மையில் எங்கே போய் இறங்குகிறது என்று பார்த்துத் தடிமனைத் தேர்ந்தெடுங்கள். என் கணக்கு முப்பத்து நாலு அங்குலத் தந்தி நீளத்துக்கு. குட்டை பேஸ் என்றால் இன்னும் தடிமனாக வேண்டும், அதற்கென்றே செய்த தந்தியும் வேண்டும். முறுக்காணியில் அந்தத் தடிமன் நுழைகிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். நறுக்குமுன் தந்தியை மடக்குங்கள், இல்லாவிட்டால் சுற்று நழுவும். கிட்டாரின் அடிமுனைப் பாலத்தில் (பிரிட்ஜ்) தந்தி உட்காரும் தாங்கியைக் கொஞ்சம் பின்னால் தள்ள வேண்டிவரும். சின்ன ஸ்பீக்கரில் இவ்வளவு கீழே கேட்காது, நல்லதாகக் கேட்டு வாங்குங்கள். முக்கியமாக, கை சின்னது என்று யாராவது சொன்னால் தந்தியைச் சன்னமாக்காதீர்கள். என் விரல் இரண்டு நாள் வலித்தது, பிறகு பழகிவிட்டது.

அன்றிரவு சாமான்களைக் காரில் ஏற்றும்போது சேகர் அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். ஸ்பீக்கரின் ஒரு பக்கத்தைத் தானாகவே தூக்கினார்.

"அடுத்த வாரம் குளுவாங்ல ப்ரோக்ராம். அன்னிக்கு ஏதோ வாய் தவறிச் சொல்லிட்டேன் லா. மறந்துடு."

"மறக்கவெல்லாம் முடியாது அண்ணே," என்றேன். "எத்தனை மணிக்கு வரணும்?"