நாற்பது விநாடிக்காரர்

யாராவது செல்போனை நெஞ்சுக்கு மேலே தூக்கினால் போதும், இல்யாஸ் தையல் மெஷினை விட்டு எழுந்து ரெக்சின் சுருள்களுக்குப் பின்னால் போய்விடுவார். அங்கே அவருக்கு வேலை ஒன்றும் கிடையாது. வந்தவர் போகும்வரை சுருள்களை இறக்கி, திரும்ப அடுக்கிக்கொண்டிருப்பார்.

சிங்காநல்லூர் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் அவருடைய குஷன் கடை. பஸ், கார், ஸ்கூட்டர், எதன் சீட்டும் தைப்பார். வயது நாற்பத்தாறு. வாயில் எப்போதும் ஓர் ஏலக்காய். தைத்து முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு தையலைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். கேட்டால், "கண்ணுல பாத்தா எல்லாம் நேராத்தானுங்க தெரியும்" என்பார்.

போன ஆண்டு ஆடி மழையில், வால்பாறையில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார். மலைப்பாதையில் மண் சரிந்து பஸ்ஸைப் பள்ளத்தில் தள்ளியது. பாதி தூரத்தில் ஒரு மரம் அதைத் தாங்கி நிறுத்தியது. முதலில் வெளியே வந்த இல்யாஸ் ஐந்து பேரை இழுத்துப்போட்டார். ஆறாவதாக ஒரு சிறுமியை முதுகில் சுமந்து சேற்றில் ஏறியபோது யாரோ படம் எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மரம் முறிந்தது. உள்ளே மிஞ்சியிருந்தவர்களோடு பஸ் பள்ளத்துக்குள் போய்விட்டது.

நாற்பது விநாடிப் படம். பார்க்காதவர் இல்லை. சரவணம்பட்டியில் ஒரு கல்லூரி சால்வை போர்த்தியது. கைக்குழந்தையோடு வந்து, "ஒருக்கா தொட்டுக் குடுங்க பாய்" என்று நிற்பவர்கள் இன்றும் உண்டு. "அது வேற ஆளுங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார். அந்த வீடியோவை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்று அவர் மனைவி ஃபஹீமா சொன்னார்.

அடக்கம் என்று நினைத்தேன். போன வாரம் என் ஸ்கூட்டர் சீட்டுக்காகக் காத்திருந்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண் வந்தார். பெயர் குழந்தையம்மாள், ஆனைமலையிலிருந்து வருவதாகச் சொன்னார். அவர் கையில் போனைப் பார்த்ததும் இல்யாஸ் எழுந்துவிட்டார்.

"போட்டோ எடுக்க வரலீங்க பாய். ஒண்ணு கேக்கோணும். இந்த வீடியோ முடியற எடத்துல, பின்னாடி ஒரு சத்தம் வருதுங்க. மத்தவங்களுக்கு அது மழைச் சத்தம். நான் இருவத்தெட்டு வருசம் கேட்ட சத்தமுங்க. அது எங்க ஊட்டுக்காரருதானுங்களா? ராசப்பன்னு பேரு."

மெஷினின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. இல்யாஸ் அதை அணைத்துவிட்டு வந்தார்.

"பேரு தெரியாதுங்க. அப்ப உள்ளேருந்து கூப்புட்டது ஒருத்தருதான். சீட்டுக்கடியில காலு மாட்டியிருந்துச்சு."

"வார்த்தை வெளங்க மாட்டேங்குதுங்க. என்ன சொன்னாரு?"

"'என்னைய உட்டுப்போட்டுப் போயிராதீங்க'ன்னாரு. வாரேன்னு சொன்னேன். புள்ளைய மேல குடுத்துப்போட்டுத் திரும்பிப் பாத்தேன். பஸ்ஸு ஆடுச்சுங்க. பத்தடி தூரந்தான். மரம் முறியறதுக்கு ரெண்டு நிமிசமாச்சும் இருந்துருக்கும். போயிருக்கலாமுங்க. பயந்துபோட்டேன். நின்ன எடத்துலயே நின்னுட்டேன்."

சுவரோரம் தைத்து முடித்த பஸ் சீட் ஒன்று கிடந்தது. குழந்தையம்மாள் அதன் நடுவில் உட்கார்ந்தார். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். பிறகு கேட்டார்:

"வாரேன்னு நீங்க சொன்னது அவருக்குக் கேட்டுச்சுங்களா?"

"கேட்டுச்சுங்க. 'செரி'ன்னாரு."

இல்யாஸ் தலை குனிந்து, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றிருந்தார். குழந்தையம்மாள் முகத்தைத் துடைத்தார். சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஓரமாக நகர்ந்து, காலியான பாதியை உள்ளங்கையால் இரண்டு முறை தட்டினார்.