அக்குளில் ஒரு பிளாஸ்க்

எதிரே வரும் லாரி கொஞ்சம் வேகத்தைக் குறைத்தாலே போதும். நெலிடா சைக்கிளைச் சாலையோரம் சாய்த்துவிட்டு, வெந்நீர்ப் பிளாஸ்க்கை அக்குளில் இடுக்கிக்கொள்வாள். மறு கையில் மாத்தே என்கிற கசப்புத் தேநீருக்கான இலை அடைத்த சுரைக்குடுவை, உறிஞ்ச ஓர் உலோகக் குழல்.

"இறங்கி வா தம்பி, ஒரு மாத்தே குடிச்சிட்டுப் போ. ரோடு எங்க ஓடிடப் போகுது?"

ஓட்டுநர் இறங்கிவிடுவான். அவளிடம் முடியாது என்று சொன்ன ஆளை அவள் புருஷன் எவரிஸ்தோ இதுவரை பார்த்ததில்லை. அவனே அப்படி மாட்டிக்கொண்டவன்தான். கல்யாணமாகி எத்தனையோ வருஷமாகிறது.

பாலைவன ஓரத்து ஊரான காவ்செத்தேயில் இறைச்சிக்கடை வைத்திருக்கிறாள் நெலிடா. ஆண்டுக்கொரு முறை கடையைப் பூட்டிவிட்டு, கூடாரமும் அடுப்பும் கட்டிய சைக்கிள்களில் புருஷனும் பெண்டாட்டியும் பாலைவனத்தைக் கடந்து லா ரியோஹா வரை மிதிப்பார்கள். மேட்டில் பாடுவாள், இறக்கத்தில் வாயை மூடிக்கொள்வாள். "இறக்கத்துல எவன் வேணா பாடுவான், கிழவா." பஞ்சரானால் டயரைத் திட்டமாட்டாள்; முள்ளைத் தேடிப் பிடித்து, அதன் வம்சத்தையே திட்டுவாள். மலையிலிருந்து இறங்கும் சோண்டா அனல்காற்றுக்கு அவள் வைத்த பெயர் மச்சான். "கூப்பிடாம வருவான், சாப்பாட்டு நேரமாப் பார்த்து வருவான், கிளம்பவே மாட்டான்."

அன்றைக்கு மச்சான் காலையிலேயே வந்துவிட்டான். முகத்தில் அறைகிற காற்று, பல்லெல்லாம் மணல். புழுதிக்குப் பயந்து சாலையை மூடிவிட்டார்கள் போலும், ஒரு வண்டியையும் காணோம். எவரிஸ்தோ பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தான். பிளாஸ்க்கைக் கவிழ்த்தான். சொட்டு இல்லை.

"தண்ணி எங்கடி, கிழவி?"

"காலைல இருந்துச்சே..."

"லாரிக்காரன், ரோடு போடறவன், ஆட்டுக்காரன்னு ஊருக்கெல்லாம் ஊத்தினா எப்படி இருக்கும்?"

"ஆட்டுக்காரன் பாவம், ரெண்டாவது தடவை கேட்டான்."

அடுத்த ஊருக்குப் பொழுது சாயும்வரை மிதிக்க வேண்டும்.

வளைவில், முன்னொரு காலத்தில் இந்தப் பாலைவனத்தில் தாகத்தால் செத்துப்போய்த் தெய்வமாகிவிட்ட தாயின் சின்னஞ்சிறு கோயில். தூங்குகிற மாதிரி படுத்திருக்கும் சிலை, மார்பில் குழந்தை, சுற்றிலும் வழிப்போக்கர்கள் அவளுக்கென்று வைத்த தண்ணீர் பாட்டில்கள். அதில் யாரும் கைவைக்கக் கூடாது என்பது நெலிடாவின் கட்சி. ஒருமுறை எவரிஸ்தோ தொடப் போனதற்கு லா ரியோஹா வரை அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இன்று அவன் உதடு வெடித்து ரத்தம் கசிவதைப் பார்த்தாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"அம்மா, தாகம்னா என்னன்னு உனக்குத் தெரியாததா? எனக்கு இருக்கறது இந்த ஒரு ஆளு. ரெண்டு பாட்டில் எடுத்துக்கறேன், வரும்போது நாலா வைக்கறேன். இனிமே போறவன் வர்றவனுக்கெல்லாம் மாத்தே ஊத்தமாட்டேன். சத்தியம்."

எவரிஸ்தோ மடக்மடக்கென்று குடித்தான். உயிர் வந்தது. "நான் சாட்சி" என்று சிரித்தான். அவள் கோயில் சுவர் மறைவில் அடுப்பைப் பற்றவைத்தாள், அவர்கள் இருவருக்கு மட்டும் என்று.

வெந்நீர் பிளாஸ்க்கில் இறங்கிய நேரம், புழுதிக்குள்ளிருந்து ஒரு ஹாரன் சத்தம். சாலையைத் திறந்துவிட்டார்கள். தாய்க்கு வணக்கம் சொல்ல லாரி வேகத்தைக் குறைத்தது.

"கிழவி, சத்தியம்!" என்றான் எவரிஸ்தோ.

நெலிடா லாரியைப் பார்த்தாள், சிலையைப் பார்த்தாள். பிறகு தன் ஹெல்மெட்டை எடுத்துத் தாயின் முகத்தை அலுங்காமல் மூடிவிட்டு, பிளாஸ்க்கை அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.