ஏழு தரத்தில் மூன்று

கொதிநீருக்குள் இரண்டு சோதனைக் குழாய்கள் நின்றன. ஒன்றில் சுண்ணாம்பு நீரில் ஊறிய வைக்கோலின் சாறு, மற்றதில் ஊறாத வைக்கோலின் சாறு. முதலாவதில் சீனி பிறந்திருந்தால் பெனடிக்ற் கரைசலின் நீலம் செம்மஞ்சளாக வேண்டும். இரண்டும் நீலமாகவே இருந்தன. மாறாவிட்டால், இந்த விஞ்ஞானப் போட்டியின் பரிசான, பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் ஒரு மாதம் வேலை பழகும் இடம் என் தோழிக்கு இல்லை. வங்காலையில் தகப்பனின் வயல் வைக்கோலோடு மாதக்கணக்காக உழைத்தவள் அவள். நானோ விளக்கிப் பேச வந்தவள். விவாத மேடையில் தோற்றறியாதவள்.

பேசினேன். "வைக்கோலுக்குள் சீனி பூட்டிக் கிடக்கிறது. லிக்னின் என்னும் பசையே அதன் பூட்டு. சுண்ணாம்பு அந்தப் பசையை இளக்கும். இளகிய வழியால் நொதியம் நுழைந்து நாரைச் சீனியாக வெட்டும்." என் குரல் கடைசிக் கதிரைவரை சென்றது. நீலம் அசையவில்லை.

நடுவராக வந்த விரிவுரையாளர் தோழியின் கொப்பியைப் புரட்டினார். "சுண்ணாம்பு போகக் கழுவினீங்களோ, பிள்ளை?"

"ஓம் மிஸ். நல்ல தண்ணியில, ஏழு தரம்," என்றாள் தோழி.

கொப்பியிலிருந்த ஏழு சரிக் குறிகளும் நான் இட்டவை. கழுவியதோ மூன்று தரம். பவுசர் வண்டியில் வரும் நல்ல தண்ணீரை வைக்கோலில் விட்டு நிலத்தில் ஊற்றுவதற்கு, குடிநீர் அரிதான தீவில் வளர்ந்த என் கை கூசியது. பேச்சை ஒத்திகை பார்க்கவும் நேரம் வேண்டியிருந்தது.

அவர் மிச்சமிருந்த சாற்றில், காரம் பட்டால் நீலமாகும் சிவப்புப் பாசிச்சாயத்தாளை நனைத்தார். தாள் நீலமாயிற்று. சுண்ணாம்பு போகவில்லை, அதன் காரத்தில் நொதியம் செயலிழந்திருந்தது.

"கொப்பி ஒண்டு சொல்லுது, தாள் வேறொண்டு சொல்லுது," என்று அவர் தோழியைப் பார்த்தார். அவள் குனிந்து கொப்பியிலிருந்த குறிகளை எண்ணினாள்.

நொதியத்தின்மேல் பழிபோடும் நேர்த்தியான வாதமொன்று என் நாவில் ஆயத்தமாக நின்றது. அதில் நான் வென்றுமிருப்பேன்.

"மிஸ், கழுவினது நான். மூண்டு தரந்தான். குறி போட்டதும் நான்தான்."

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "மூண்டு மணிக்குத் திரும்பி வாறன். அதுக்குள்ள திருப்பிச் செய்யுங்கோ."

தோழி என் முகத்தைப் பார்க்கவில்லை. மிச்ச வைக்கோலை நான் இன்னும் நான்கு தரம் கழுவினேன். ஒவ்வொரு தரத்தையும் அவள் உரக்க எண்ணினாள்.

"காரம் அடங்கத் தேசிக்காய் பிழிவமோ?" என்றேன்.

"பிழியடி! அதுக்குள்ளயே சீனி இருக்கு. பிறகு அதையும் வைக்கோல் தந்த சீனியெண்டு மேடையில பேசு."

வினாகிரியைத் துளித்துளியாக விட்டாள். எஞ்சியிருந்த நொதியத்தை ஊற்றி, குழாயை வெதுவெதுப்பான நீரில் மணிக்கணக்காக வைத்துக் காத்தாள்.

மூன்று மணிக்குப் பெனடிக்ற் கரைசல் சேர்த்த குழாய் மீண்டும் கொதிநீரில் இறங்கியது. நீலம் பச்சையாகி, அங்கேயே நின்றது. பிறகு மெல்லக் கலங்கிச் செம்மஞ்சளானது.

"விளக்குங்கோ," என்றார் நடுவர். பழக்கத்தில் என் வாய் திறந்தது. தோழி என்னைக் கடந்து முன்னே வந்தாள். முதல் வசனத்திலேயே இரண்டு தரம் தடுமாறினாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

பிறகு அவளிடம் மட்டும் கேட்டார்: "ஒரு மாதம் தங்கிறதுக்கு அங்க தெரிஞ்ச ஆக்கள் இருக்கினமோ, பிள்ளை?"