காஜா அண்ணனை முடக்கி வைத்த ஒன்பது நாள்

சிங்கப்பூரில் எல்லோரும் என்னை என் அப்பாவின் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் அப்பா இருக்கிறார். அதனால் வங்கியிலும் அலுவலகத்திலும் நான் மிஸ்டர் முருகேசன். என் ஊரான கம்பைநல்லூரில் அப்பாவின் பெயரை என் வயதுக்காரன் எவனாவது இப்படி உரக்கச் சொன்னால் சண்டை வந்துவிடும். இங்கே வந்து ஆறு வருடமாகியும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்க எனக்கு ஒரு கணம் தாமதமாகிறது.

பெயர்களைச் சரிபார்ப்பதுதான் என் வேலையும். அமெரிக்க அரசின் கடன் பத்திரங்களைச் சிறு பங்குகளாக்கி, பிளாக்செயின் என்ற இணையப் பதிவேட்டில் டோக்கன்களாக விற்கும் நிறுவனம் எங்களுடையது. வாங்கியவரின் பெயர் குற்றவாளிகள் என்று அரசுகள் வெளியிடும் தடைப்பட்டியலில் உள்ள பெயரோடு ஒத்துப்போனால் திரையில் சிவப்பாக வரும். முதலில் டோக்கனை விற்க முடியாதபடி முடக்க வேண்டும், விசாரணை பிறகுதான்.

காஜா அண்ணன் தருமபுரிக்காரர், கப்பல் பட்டறையில் வெல்டர். நான் வந்த புதிதில் தன் அறையில் இடம் கொடுத்தவர். அவர் சேமிப்பை எங்கள் டோக்கனில் போடச் சொன்னது நான்தான்.

“வட்டிதானேப்பா இது? எங்களுக்கு ஆகாதே,” என்றார்.

“வட்டின்னு தனியா வராதுங்கண்ணா. டோக்கன் வெல ஏறும், அவ்ளோதான். அவசரம்னா நிமிஷத்துல காசாக்கி ஊருக்கு அனுப்பிரலாம்.”

வட்டிதான் என்று எனக்குத் தெரியும். அவர் என்னை நம்பினார்.

போன வருடம் அவர் தகப்பனாருக்குச் சர்க்கரை நோயால் காலில் புண் வைத்தது. சந்தை சந்தையாகப் போய்ப் பாத்திரம் விற்பவர். ரத்தக்குழாய் அடைப்பை உடனே நீக்கினால் கால் பிழைக்கும் என்று சேலத்து டாக்டர் சொல்ல, அண்ணன் மதிய இடைவேளையில் டோக்கன்களை விற்கப் போனார். அதே மதியம் அவர் பெயர் என் திரையில் சிவப்பாக வந்தது. எந்த நாட்டிலோ இருக்கும் யாரோ ஒருவனுக்கும் அதே பெயர்.

விதிப்படி முடக்கினேன். பாஸ்போர்ட்டை ஒப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் விடுவித்துவிடலாம். அதற்குள் அவசரப்பட்டு, மேலாளர் பெண்மணியிடம் ஓடினேன்.

“எனக்குத் தெரிந்தவர்தான். மை பிரதர்.”

“சொந்த அண்ணனா?”

“சொந்த அண்ணன் மாதிரி.”

அவருக்கு அந்த ‘மாதிரி’ காதில் விழவில்லை. உறவினர் கோப்பை ஊழியர் தொடக்கூடாது என்பது விதி. கனிவாகவே சொல்லி, கோப்பை வேறு நாட்டிலிருந்த தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார். ரத்த உறவு இல்லை என்று பிறகு எழுதிக் கொடுத்தேன். அப்படியானால் முதலில் ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டார்கள். பிளாக்செயின் ஒரு நொடியும் நிற்காமல் ஓடியது. கோப்பு ஒன்பது நாள் கிடந்தது.

அண்ணன் அறை அறையாகக் கைமாற்று கேட்டுக் கொஞ்சம் அனுப்பினார், போதவில்லை. ஏழாம் நாள் தகப்பனாரின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். முடக்கியது நான்தான் என்று அன்று மாலை அவரிடம் சொன்னேன்.

“உன்னச் சொல்லி என்னப்பா ஆவுது. வட்டின்னு மனசுல பட்டுச்சு. தெரிஞ்சும் போட்டேன். ஆசதான்,” என்றார்.

திட்டியிருக்கலாம். அதன் பிறகு அவர் என்னை அறைக்குக் கூப்பிடவே இல்லை.

விடுமுறையில் தருமபுரி போனபோது அவர் வீட்டுக்குப் போனேன். பெரியவர் கட்டிலில் இருந்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க அங்க இருக்கறதாலதானுங்க அந்தக் கொஞ்சக் காசாவது வந்துச்சுன்னு நெனச்சுக்குவேன். எம்மவனுக்கு அங்க வேற யாரு இருக்கா?”

மகன் அவரிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த வீட்டு டீயைக் குடித்தேன்.

பஸ் ஸ்டாண்டில் கம்பைநல்லூர் வண்டி கிளம்பத் தயாராக இருந்தது. போனில் அலுவலகத்திலிருந்து செய்தி: சரிபார்க்க வேண்டிய பெயர்கள், அவசரம்.

“ஊருக்குத்தானுங்களே? ஏறுங்க,” என்றார் கண்டக்டர்.

ஆமாம் என்று தலையாட்டினேன், ஏறவில்லை. வண்டி நகர்ந்து, திரும்பி, சாலையில் மறைந்தது. நான் போனைப் பார்த்தபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.