கரிசல் வீட்டுக் கபோர்டு

மூன்று மாதம் என்று சொல்லித்தான் என் மனைவி கோயம்புத்தூருக்கு மகளின் பிரசவத்துக்குப் போனாள். பேரனுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளையைப் பார்க்க வீட்டில் ஆள் வேண்டும். எல்லாம் நியாயம்தான். அந்த நியாயத்தோடு உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை, அவ்வளவுதான். பாளையம்பட்டி வீட்டில் காலையில் ஒரு தடவை சோறாக்கி இரண்டு வேளைக்கு வைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் என் மனைவி, மகள் வீட்டுப் படுக்கையறையைப் படம் எடுத்து அனுப்பினாள். தரையிலிருந்து மேல்கூரை வரைக்கும் சுவரோடு சுவராக வெள்ளைக் கபோர்டு. கூடவே போனில் சொன்னாள்: "ஒரு பொட்டுத் தூசி உள்ள போகாதுங்க."

அதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. எங்கள் படுக்கையறையில் இருப்பது சுவருக்குள் மூன்று கடப்பாக்கல் பதித்த திறந்த அலமாரி. ஆடிக் காற்றில் கரிசல் புழுதி வந்து அவள் சேலைகள்மேல் உட்காரும். கட்டுகிற சேலையை உதறிவிட்டுத்தான் கட்டுவாள். இதற்கு ஒரு கதவு போட்டுக் கொடுங்கள் என்று இருபத்து நாலு வருடம் கேட்டாள். பார்ப்போம் என்று இருபத்து நாலு வருடம் சொன்னேன். கதவு போட்டுவிட்டால் தீபாவளிக்கு வருகிறவள் இங்கேயே இருந்துவிடுவாள் என்று அன்று எனக்குத் தோன்றியது. சின்னப்பிள்ளைத்தனம்தான். ஆனால் வேறு எதைக் காட்டி அவளைக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆசாரியைக் கூப்பிட்டால் இரண்டு நாளில் முடித்துவிட்டுப் போய்விடுவார். மூன்றாம் நாள் நான் என்ன செய்வேன்? அதனால் நானே செய்வதென்று முடிவு செய்தேன். அதுவரை நான் ஆணி அடித்தது காலண்டர் மாட்டத்தான். ஜவுளிக்கடையில் சேலை விரித்து மடித்து ஓய்ந்த கை இது. போனில் ஒருவர் கபோர்டு செய்வதைப் பார்த்துப் படித்தேன். அவர் பேசியது இந்தி. ஒரு வார்த்தை புரியாது. இருந்தாலும் அந்தக் கோடையில் என் வீட்டில் அதிகம் பேசியவர் அவர்தான்.

சித்திரையில் தொடங்கினேன். அலமாரியின் அகலத்தை மேலே மட்டும் அளந்து, அதற்கு மரச்சட்டம் அடித்துத் தூக்கிக்கொண்டு போனால், பாதிக்குக் கீழே இறங்கவில்லை. சுவர் கீழே அரை அங்குலம் உள்ளே வந்திருந்தது. அத்தனை வருடம் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருக்கிறேன், அது கோணல் என்று தெரியவில்லை. சட்டத்தைப் பிரித்தேன். மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளந்து, சுவர் போன போக்குக்குச் சட்டத்தை இழைத்தேன். அந்த வேலைக்கே ஒரு மாதம் ஆனது.

கதவுக்குப் பிளைவுட் வாங்கப் போனபோது, மரக்கடைக்காரர் அறுத்துக்கொண்டே சொன்னார்: "சுத்தி ஒரு நூல் எடம் விட்டு மாட்டுங்கண்ணே. மழைக்கு வேணும்."

ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. வேலை தெரியாதவன் விடுகிற சந்து அது என்று நினைத்துக்கொண்டேன். தூசி உள்ளே போகக் கூடாது என்பதற்காகத்தானே இவ்வளவு பாடு! இழைத்து இழைத்து, இரண்டு கதவுக்கும் நடுவில் ஒரு பேப்பர்கூட நுழையாதபடி மாட்டினேன். இவ்வளவு திமிர் எனக்குக் கடையில் நின்ற காலத்தில்கூட இருந்ததில்லை.

ஆவணியில் வேலை முடிந்தது. அவள் சேலைகளை எடுத்துத் துவைக்க வேண்டியதைத் துவைத்து, தேய்த்து, ஜவுளிக்கடை மடிப்பாக மடித்து உள்ளே அடுக்கினேன். கதவைச் சாத்தினேன். இனி அவள் கைதான் முதலில் திறக்க வேண்டும் என்று அதன்பிறகு நான் தொடவில்லை.

தீபாவளிக்கு நான்கு நாள் முன்பிருந்தே நல்ல மழை. எல்லாரும் வந்து இறங்கினார்கள். நான் முதல் வேலையாக அவளைப் படுக்கையறைக்குக் கூட்டிப்போனேன். அவள் கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நீங்களா?" என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு இன்னும் நான்கு கபோர்டு செய்திருப்பேன்.

கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. நான் இழுத்தேன். கைப்பிடி மட்டும் திருகாணியோடு கையில் வந்தது. பின்னால் நின்ற மருமகன், "நெம்பிப் பாக்கட்டுமா மாமா?" என்றார்.

"ஒண்ணும் வேணாம், விடுங்க!" என்று கத்திவிட்டேன். பேரன் பயந்து அழுதான்.

அவள் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "மழ விழுந்தா கரிசல் உப்பிக்கிட்டுச் செவரு அசையும்னு ஒங்களுக்குத் தெரியாதா? பாத்ரூம் கதவ எத்தன ஐப்பசிக்கு ஒதச்சுத் தெறந்துருக்கோம்."

தெரியும். அந்த வீட்டில் இருந்த எல்லாருக்கும் தெரியும். வெயில் காலத்தில் உட்கார்ந்து இழைத்தவனுக்கு மட்டும் மழை ஞாபகம் வரவில்லை. 'இங்கேயே இருந்துவிடு' என்று கேட்க ஒரு மாதமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். கைப்பிடியைக் கையில் வைத்துக்கொண்டு அதை எப்படிக் கேட்பது? கொண்டுவந்த சேலைகளையே கட்டிக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் அவர்களோடு பஸ் ஏறிவிட்டாள். "பிள்ள என்னைய விட மாட்டேங்குறான்" என்றாள். அதுவும் உண்மைதான்.

தை கடைசியில் தரை காய்ந்தது. ஒரு காலை, பெருக்கும்போது விளக்குமாற்றுக் கட்டை பட்டதற்கே கதவு திறந்துகொண்டது. சேலைகளில் பிளைவுட் பசை வாடை அடித்தது, ஆனால் ஒரு தூசி இல்லை. நான் அவற்றின் முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதேன். பிறகு கதவுகளைக் கழற்றி, சுற்றிலும் ஒரு நூல் இழைத்து, மறுபடி மாட்டினேன். இப்போது ஒற்றை விரலால் திறக்கலாம்.

மாசியில் அவளிடமிருந்து போன் வந்தது. பேரனைப் பற்றிக் கொஞ்சநேரம் பேசிவிட்டு, "அந்தச் சேலையெல்லாம் பார்சல்ல போட்டு விட்டுருங்க. இங்கதான எடம் இருக்கு, மாத்திக் கட்ட ஆகும்" என்றாள்.

நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். எதிரே இரண்டு கதவும் விரியத் திறந்து கிடந்தன.

"கதவு இன்னும் தெறக்க மாட்டேங்குது" என்றேன்.

அவளும் இதே மண்ணில் பிறந்து வளர்ந்தவள்.

"மாசியிலயா?" என்றாள்.

"ஆமா."

"சரி. உள்ளயே இருக்கட்டும்" என்று வைத்துவிட்டாள். அதன்பிறகு இன்றுவரை அவள் அந்தச் சேலைகளைக் கேட்கவில்லை.